பதினோரு புள்ளிகள்

அறுபத்து மூன்று என்று எழுதிய துண்டுச் சீட்டைச் சண்முகவடிவு நான்காக மடித்தாள்; ஓரம் ஓரத்தோடு பொருந்தவில்லை என்று பிரித்து மறுபடியும் மடித்தாள். பக்கத்து நாற்காலியில் அவளுடைய கணவர் கோமதிநாயகம், அவளது ஓய்வூதியப் புத்தகம், ஆதார் அட்டை, வங்கிப் பாஸ்புத்தகம் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு விளக்கப்படத்தைத் தேர்வுக்குப் படிப்பவர் போலப் படித்துக்கொண்டிருந்தார். படிக்கட்டும். நன்றாகப் படிக்கட்டும். கருவூலத்தில் இன்று ஓய்வூதியர் நேர்காணல். ஆண்டுக்கு ஒருமுறை, தான் உயிரோடு இருப்பதைத் தானே வந்து காட்டிவிட்டுப் போகவேண்டும். நாற்பத்தொன்றாம் எண் ஓடிக்கொண்டிருந்தது. இடையில் இருபத்தொரு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம், அறுபத்து மூன்று நிமிடம். சீட்டு எண்ணும் நிமிடமும் ஒன்றாக வந்தது வேறொரு நாளாக இருந்தால் அவளுக்குச் சிறு மகிழ்ச்சியைத் தந்திருக்கும். இன்று அந்த அறுபத்து மூன்று நிமிடமும் இந்த மனிதரின் பக்கத்தில், இவருடைய சட்டையின் சோப்பு வாசனையை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும் என்பதுதான் கணக்கின் விடை. 'அன்னைக்கும்' என்றாரே. காலையில் வாசற்கதவைத் திறந்தபோது தென்காசிச் சாரல் முகத்தில் அடித்தது. குடையை எடுத்தவள் வழக்கம்போல மூன்று மொழியிலும் வாய்விட்டுச் சொன்னாள்: ஜெர்மனில் ரேகன்ஷிர்ம், பிரெஞ்சில் பாராப்ளுயி, ஜப்பானியில் காகி. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "காசா. காகின்னா சாவியில்லா. அன்னைக்கும் இதத்தான் மாத்திச் சொன்ன." சொல்லிவிட்டு அடுத்த பொத்தானுக்குப் போய்விட்டார். அவள் குடையைப் பிடித்தபடி நின்றாள். முப்பத்து மூன்று ஆண்டுகள் கணிதம் நடத்தியவள். ஒரு வரியில் ஒளிந்திருக்கும் பிழை அவளுக்குத் தெரியாமல் போகாது. அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதியது கண் அறுவை முடிந்து படுத்திருந்த நாட்களின் வார்த்தைத் தேர்வுகளில் மட்டும்தான். அன்றைக்கு மாற்றிச் சொல்லியிருந்தால் அன்றைய தாளில் அது தவறாக அல்லவா இருந்திருக்கவேண்டும்? அன்றைய தாள்களில் ஜப்பானிய வார்த்தை ஒன்றுகூடத் தவறில்லையே.

"எந்த அன்னைக்கு?" என்று அவள் கேட்டதும், பொத்தானில் அவர் விரல்கள் நின்றதும், "அதான்... கண்ணு ஆபரேசன் சமயத்துல" என்று இழுத்ததும், ஆட்டோவில் ஏறி ரயில்வே கேட் தாண்டுவதற்குள் முழுவதும் வெளியே வந்துவிட்டது. கேட்டது அவள், ஒன்றன்பின் ஒன்றாக, கரும்பலகையில் படி படியாக இறங்குவது போல. நான் சொன்னதை எழுதவில்லையா? எழுதினேன். எல்லாவற்றையுமா? பெரும்பாலும். தவறாகச் சொன்னதை? "தப்பாச் சொன்னத மட்டும் சரியா எழுதிட்டேன், வடிவு. ஒண்ணு ரெண்டுதான்." ஒன்றா, இரண்டா? "ஒரு நாளு ஒண்ணு, ஒரு நாளு அஞ்சாறு." மொத்தம் எத்தனை? அதற்கு அவர் சொன்ன பதில்தான் இப்போதும் அவள் காதுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. "எண்ணலையே." எண்ணவில்லையாம். கூட்டுறவு நூற்பாலையில் நேரக் காப்பாளராக முப்பது வருடம் இருந்தவர். ஷிப்டுக்கு இரண்டு நிமிடம் தாமதமாக வந்தவனைப் பேரேட்டில் குறித்தவர். மில் சங்கு ஊதுவதற்கு முன்பே கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டியவர். மனைவியின் மூளையிலிருந்து எத்தனை வார்த்தை உதிர்ந்தது என்பதை மட்டும் எண்ணவில்லை. ஏமாற்றியதையாவது ஒழுங்காகச் செய்தாரா? ஒழுங்காகத் திருடுகிறவன்கூட எடுத்தது எத்தனை என்று தெரிந்து வைத்திருப்பான். அவள் கைப்பை மடியில் கனத்தது. கோபத்தில் என்ன செய்கிறோம் என்று அறியாமலே பதிவேட்டை அதற்குள் திணித்துக்கொண்டு வந்திருந்தாள். நீள நோட்டு, உறையில் பழுப்புத் தாள், முகப்பில் அவளுடைய பெயர், பாடம் என்ற இடத்தில் 'ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானி', வகுப்பு என்ற இடம் வெறுமையாக.

வகுப்பு என்ன போடுவது என்று நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் யோசித்து, ஒன்றும் போடாமல் விட்டது நினைவிருக்கிறது. நினைவிருக்கிறது பார்த்தாயா, என்று அவள் யாரிடமோ சொன்னாள். அந்த நோட்டு வாங்கியது தெய்வானை அக்காவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம். அக்காவுக்கு முதலில் போனது உழக்கு. பாத்திரம் கையில்தான் இருந்தது, பெயர்தான் போயிற்று. "அதால ரெண்டு அள்ளிப் போடு" என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள், வடிவும் சிரித்தாள். பிறகு முருங்கைக்கீரை போயிற்று, மாப்பிள்ளையின் பெயர் போயிற்று, செவ்வாய்க்கும் புதனுக்கும் இடையிலிருந்த வேலி போயிற்று. வங்கியில் கையெழுத்துப் போடச் சொன்னபோது அக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டு எழுத்தரின் முகத்தையே பார்த்தாள். பாடம் படிக்காமல் வந்த பிள்ளை ஆசிரியையைப் பார்ப்பது போன்ற பார்வை. மருத்துவரிடம் போனபோது, எப்போதிலிருந்து என்று அவர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் தீபாவளி என்றார், ஒருவர் அதற்கு முந்தைய கோயில் கொடை என்றார். யாரும் மதிப்பெண் போடவில்லை, அதனால்தான். ஒரு வீடு முழுக்கப் படித்த மனிதர்கள் இருந்துகொண்டு, ஒரு மனுஷியின் வார்த்தைகள் இறங்கி இறங்கித் தரையைத் தொடும்வரை ஒருவரும் ஒரு புள்ளிகூடக் குறித்து வைக்கவில்லை. வடிவு குறித்து வைப்பாள். தமிழில் வைத்தால் பயனில்லை என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. தாய்மொழி இரக்கமுள்ள கண்காணிப்பாளர். ஒரு வார்த்தை வராவிட்டால் இன்னொன்றை நீட்டும், சுற்றி வளைத்துப் போக வழி விடும், 'அதால அள்ளிப் போடு' என்பதையும் வாக்கியமாக ஏற்றுக்கொள்ளும். அறுபது வயதில் புதிதாக நுழைந்த மொழியில் அந்தச் சலுகை கிடையாது. தெரியும் அல்லது தெரியாது. ஆகவே மூன்று. ஒன்றை மனம் பழக்கத்தால் ஒப்பித்துவிடலாம். மூன்றைத் தனித்தனியே வைத்துக்கொள்வதுதான் உண்மையான சோதனை. நூலகத்தில் அகராதி, கைப்பேசியில் உச்சரிப்பு, காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தேர்வு. இருபது வார்த்தை, தகர டப்பாவுக்குள் கையை விட்டுச் சீட்டு எடுத்து. பாதி மதிப்பெண் கிடையாது. வரைபடத்தாளில் வாரத்துக்கு ஒரு புள்ளி. நோட்டின் முதல் பக்கத்தில் விதி: 'தொடர்ந்து மூன்று வாரம் பதினாறுக்குக் கீழே வந்தால், தாமதமின்றித் திருநெல்வேலி நரம்பியல் மருத்துவரைப் பார்க்கவேண்டும்.' கீழே கையொப்பம். சாட்சிக்குக் கோமதிநாயகத்தின் கையொப்பம். படித்துப் பார்த்துத்தான் போட்டார்.

"டீச்சர்! வந்தீயளா? நான் ஐம்பத்தெட்டு, நீங்க?" டிரில் மாஸ்டர் அந்தோணிமுத்து எதிர்நாற்காலியில் வந்து விழுந்தார். ஒரே பள்ளியில் இருபது வருடம். அவருடைய விசில் சத்தத்தை மீறி அவள் இயற்கணிதம் நடத்தியிருக்கிறாள். "என்ன டீச்சர், இப்ப எந்த நாடு? ஜெர்மனியா, ஜப்பானா? விசா எடுத்தாச்சா?" "எடுக்கல," என்றாள். "எனக்கு இங்கிலீஸே எட்டாங் கிளாஸோட கோவிச்சிக்கிட்டுப் போயிட்டு. நீங்க என்னன்னா கண்ணக் கட்டிப் போட்டாலும் இருபதுக்கு இருபது வாங்குதிய. எங்க வீட்டுக்காரிட்ட சொன்னேன், பாருட்டி, டீச்சர் மூளையப் பாரு, நீ கேஸ அணைச்சோமான்னு மூணு தடவ எந்திரிச்சுப் போய்ப் பாக்கியேன்னு." அவர் சிரித்தார். கோமதிநாயகம் தீயணைப்புப் படத்துக்குள் இன்னும் ஆழமாக நுழைந்தார். வடிவின் முகம் சூடேறியது. இந்த மனிதரிடம் அவளே சொல்லியிருந்தாள், சந்தையில், முருங்கைக்காய்க்கு நடுவில் நின்று. கண் மருத்துவரிடம் சொன்னாள். பால்காரரிடம்கூடச் சொன்னாள். பெருமையடிக்காதவள் பெருமையடித்தாள், அதுவும் களவு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு. "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்," என்றாள். "அடக்கத்தப் பாரு!" என்று அவர் கோமதிநாயகத்தின் தொடையில் தட்டினார். "அண்ணாச்சி, குடுத்து வச்சவுக நீங்க." குடுத்து வச்சவுக. ஆமாம். எழுதிக் குடுத்து வச்சவுக.

அறுவை சிகிச்சை முடிந்து வந்தபோது பதினோரு நாள் எதையும் படிக்கக்கூடாது, கைப்பேசியைப் பார்க்கக்கூடாது என்றார் மருத்துவர். ஒரு கண்ணில்தான் புரை எடுத்தார்கள். இருந்தாலும் விதி என்றால் விதி, அவள் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு கிடந்தாள். மின்விசிறி சுற்றும் ஓசை, சொட்டு மருந்தின் கசப்பு தொண்டைவரை இறங்குவது, சமையலறையில் அவர் சாதத்தைக் குழையவிட்ட வாசனை. சும்மா கிடப்பது பொறுக்காமல் தேர்வைத் தினசரி ஆக்கினாள். அவர் சீட்டெடுத்துத் தமிழில் படிப்பார். அவள் வேற்றுமொழியில் சொல்வாள். அவர் காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதி, பிறகு விடைப்பட்டியலைப் பார்த்துத் திருத்துவார். முதல் நாளே விதியைச் சொன்னாள்: "சொல்வதை எழுதுபவருக்கு மூள கெடையாது. கை மட்டுந்தான். நான் என்ன சொல்லுதேனோ, அத அப்படியே." "சரிங்க டீச்சர்," என்றார், விறைப்பாக நிற்பதுபோல் குரலை வைத்துக்கொண்டு. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. பதினெட்டு. பத்தொன்பது. பதினேழு. பத்தொன்பது. ஏழாம் நாள் இருபது. இருளுக்குள் படுத்துக்கொண்டு அந்த இருபதைக் கேட்டபோது ஏற்பட்ட உவகை எப்படிப்பட்டது! தன் தலைக்குள் மூன்று அலமாரிகள் விளக்கில்லாமலும் ஒழுங்காக அடுக்கியிருப்பதைத் தடவித் தடவிப் பார்த்த உவகை. அக்காவிடம் மனதுக்குள் சொன்னாள், எனக்கு வராது அக்கா, அது என்னிடம் வராது. அதே நேரத்தில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இவர் என்ன செய்துகொண்டிருந்தார்? பேனா கடகடவென்று ஓடிய சத்தம் அவளுக்கு நினைவிருந்தது. தயக்கமே இல்லாமல் ஓடியது. அவள் சொல்லி முடிப்பதற்கு முன்பே சில நேரம் எழுதி முடித்துவிட்டார், அப்போதே சந்தேகப்பட்டிருக்கவேண்டாமா? முன்னாள் பறக்கும் படை உறுப்பினருக்கு அந்தச் சத்தம் தெரியாமல் போனதே.

பறக்கும் படை. பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு, கணிதம், வெயில் தகரக் கூரையில் சுண்டிய நாள். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். பார்வை குறைந்த பெண்ணொருத்தி, கனியம்மாள், தனியறையில். அவள் சொல்வதை எழுத ஜெயசீலி டீச்சர். வடிவு கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனாள், அது அவளுடைய வழக்கம். சத்தமில்லாமல் பின்னால் நின்றாள். பெண் சொன்னது ஐம்பத்து நான்கு. தாளில் விழுந்தது நாற்பத்தைந்து. சரியான விடை நாற்பத்தைந்து. "டீச்சர், எந்திரிங்க," என்றாள் வடிவு. ஜெயசீலி எழுந்தபோது முகம் வெளுத்தது. வெளி வராந்தாவில் கையைப் பிடித்துக்கொண்டாள்: "வடிவக்கா, அந்தப் பிள்ளைக்குக் கணக்கு தெரியும். வழியெல்லாம் சரியாத்தான் சொல்லிச்சு. பதட்டத்துல கடைசில மாத்திச் சொல்லுது. தெரிஞ்ச பிள்ளைக்குத் தெரியாதுன்னு நான் எப்படி எழுதுவேன்?" வடிவு கையை விடுவித்துக்கொண்டு அறிக்கை எழுதினாள். ஒன்றரைப் பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல். கனியம்மாளின் தாள் ரத்தானது. ஜெயசீலிக்கு ஊதிய உயர்வை நிறுத்தி, மலையடிவாரத்துக்கு மாற்றினார்கள். அந்தப் பெண் மறுபடி எழுதினாளா என்று வடிவு விசாரிக்கவில்லை. விசாரித்திருக்கலாம். விசாரிப்பது விதியில் இல்லை. இப்போது அந்த வராந்தாவை நினைக்கும்போது அவளுக்கு வந்தது வருத்தமா என்று தொட்டுப் பார்த்தாள். இல்லை, கோபம்தான், அதே பழைய கோபம், இன்னும் சூடு ஆறாமல். தெரிந்த பிள்ளையாம். தெரிந்த பிள்ளை சரியாகச் சொல்லவேண்டும். சொல்லாத விடையைச் சொன்னதாக எழுதினால் அந்தப் பிள்ளை அந்த அறையில் இருக்கவேண்டிய தேவையே இல்லை. பிள்ளையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அவள் நாற்காலியில் நாம் உட்கார்ந்துகொள்கிறோம். அதற்கு இரக்கம் என்று பெயர் வைக்கிறோம். இவரும் அதைத்தான் செய்தார். பதினோரு நாள் அந்தக் கட்டிலில் அவள் இல்லவே இல்லை. அவளுக்குப் பதில் ஒரு சாமர்த்தியசாலியான பெண்ணை இவர் படுக்க வைத்திருந்தார்.

ஐம்பத்திரண்டு. எழுத்தர் சன்னலுக்குள்ளிருந்து கூப்பிட, ஊன்றுகோலோடு ஒருவர் எழுந்தார். வடிவு கைப்பையைத் திறந்தாள். திறக்கக்கூடாது என்று இதுவரை அடக்கி வைத்திருந்தாள், திறந்துவிட்டாள். வரைபடத்தாளில் கோடு சித்திரை மாதத்திலிருந்து போயிற்று: பதினேழு, பதினேழு, பதினாறு, பதினாறு. பிறகு நெருக்கமாகப் பதினோரு புள்ளிகள், கொடுமுடி போல. பிறகு ஆறு சனிக்கிழமைகள்: பதினைந்து, பதினைந்து, பதினான்கு, பதினைந்து, பதினான்கு, பதினான்கு. மூன்றாவது வாரத்தோடே மருத்துவரிடம் போயிருக்கவேண்டும்; அவள் முதல் பக்கத்து விதியை மீறியிருந்தாள். வாழ்நாளில் தானே எழுதிய விதி ஒன்றைத் தானே மீறியது அதுதான் முதல் முறை. மீறியதற்கு நியாயமும் அதே நோட்டில் எழுதியிருந்தாள், 'சொட்டு மருந்தின் களைப்பு. சென்ற மாதம் இருபது எடுத்த மூளை இது. கவலைக்கு இடமில்லை.' அவள் இடது கை ஆள்காட்டி விரலை அந்தப் பதினோரு புள்ளிகளின்மேல் வைத்து மறைத்தாள். கொடுமுடி போயிற்று. பதினேழு, பதினாறு, விரல், பதினைந்து, பதினான்கு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். எதிர்ச் சாய்வுள்ள நேர்க்கோடு. விரலை எடுத்தாள், வைத்தாள். ஆறு வாரம். அக்காவுக்கு ஆறு வாரத்தில் எத்தனை போயிற்று? இந்த மருத்துவத்தில் முன்கூட்டிப் போனால் மாத்திரை கொடுத்து நிறுத்தி வைக்கலாம் என்கிறார்கள், அல்லது வேறு ஏதோ சத்துக் குறைவு, தைராய்டு, ஊசியில் சரியாகிவிடும் என்கிறார்கள். எதுவானாலும் முன்கூட்டிப் போகவேண்டும் என்கிறார்கள். அதற்காகத்தானே இந்த நோட்டு. அதற்காகத்தானே நான்கு வருடம் விடியற்காலையில் எழுந்து, வாயில் நுழையாததையெல்லாம் நுழைத்துக்கொண்டு. அவள் பக்கவாட்டில் பார்த்தாள். அவர் அவளுடைய விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்காகப் பண்ணுனீய?" என்று கேட்டாள். குரல் மெல்லியதாகத்தான் வந்தது. கடைசி வரிசைப் பிள்ளைகளை எழுப்பிய குரல் அது. அவர் பிளாஸ்டிக் உறையின் ஓரத்தைச் சுருட்டினார். "மொத நாளு நீ பதிமூணுதான் சொன்ன," என்றார். "கேட்டா நீ தூங்க மாட்ட. கண்ணுக்குள்ள தையல் இருக்கு, அழக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. இன்னைக்கு ஒரு நாளைக்குன்னு நெனச்சேன்." "மறுநாளு?" "மறுநாளு பன்னெண்டு சொன்ன." ஆக, இரண்டு நாளாவது எண்ணியிருக்கிறார். பதின்மூன்று. பன்னிரண்டு. அவளுக்குள் ஏதோ ஒன்று படியிலிருந்து தவறிக் கீழ்ப்படியில் உட்கார்ந்தது. "அதுக்கு மேல எண்ணல, வடிவு. எண்ணக்கூடாதுன்னுதான் எண்ணல." "நீங்க பயந்தீய." "ஆமா." "பயந்த மனுசன் என்னைய டாக்டர்கிட்டல்லா கூட்டிப் போயிருக்கணும்?" அவர் உறையை இன்னும் இறுக்கிச் சுருட்டினார். "நான் நல்லா இருக்கேன்னு எனக்குக் காட்டணும்னு இல்ல, உங்களுக்குக் காட்டிக்கிட்டீய. இருபதுன்னு எழுதிப் பாத்து நீங்க தூங்குனீய. எம் பேர்ல." அந்தோணிமுத்து கொட்டாவியைப் பாதியில் நிறுத்தி, சட்டென்று எழுந்து, தண்ணீர் குடிக்கப் போவதாக யாரும் கேட்காமலே அறிவித்துவிட்டுப் போனார். கோமதிநாயகம் அவர் கதவைத் தாண்டும்வரை காத்திருந்தார். "நான் படிச்சவன் இல்லட்டி," என்றார். நாற்பது வருடத்தில் அவர் அவளை 'ட்டி' என்று கூப்பிட்டது நான்கோ ஐந்தோ முறைதான். "தெய்வான மதினி கடைசில என்னையப் பாத்து யாரு இந்த ஆளுன்னு கேட்டா. ஞாபகம் இருக்கா? நீ கேட்டா நான் என்ன செய்வேன்?"

ஞாபகம் இருக்கா என்று கேட்கிறார். கேட்கத் தெரிகிறது. அவளுக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது, அல்லது அந்தச் சுருட்டிய உறையைப் பிடுங்கி நேராக்கவேண்டும்போல், பின்னதைச் செய்தாள். அறுபத்து மூன்று என்று குரல் வந்தது. சன்னலுக்கு முன்னால் நின்றபோது எழுத்தர், இளம்பெண், புத்தகத்தைப் புரட்டிப் புகைப்படத்தையும் முகத்தையும் பார்த்தாள். "பேரு சொல்லுங்கம்மா." சொன்னாள். "ஓய்வு பெற்ற தேதி?" சொன்னாள், கேட்காத பணியேற்ற தேதியையும் சேர்த்துச் சொன்னாள். கருவியில் விரலை வைத்தாள், பச்சை விளக்கு எரிந்தது, கையொப்பமிட்டாள், அக்கா நின்ற வங்கியும் அந்தப் பேனாவும் ஒரு கணம் வந்து போயின. கூட வந்தவர் உறையை நீட்டி, "இவங்கதான், நான் வீட்டுக்காரர்," என்று ஏதோ சொல்ல முயன்றபோது எழுத்தர் கையைக் காட்டித் தடுத்தாள். "நீங்க சொல்ல வேண்டாங்கய்யா. அவங்களே சொல்லட்டும்." வடிவுக்கு அந்தப் பெண்ணை மிகவும் பிடித்துப் போயிற்று. இந்த அலுவலகத்துக்கு இருக்கும் அறிவு. "அவ்ளோதாம்மா. இனி அடுத்த வருசம் வாங்க." அடுத்த வருடம். அடுத்த வருடம் இதே சன்னலில் நிற்கப் போவது யார்? பேரைக் கேட்டால் பக்கத்திலிருப்பவரின் முகத்தைப் பார்க்கப் போகிறவளா? வாசலில் சாரல் வலுத்திருந்தது. அவர் குடையை விரிக்கப் போனார். "விரிக்காதீங்க," என்றாள். "உக்காருங்க."

காலியாகியிருந்த கடைசி வரிசையில் உட்கார வைத்தாள். பதிவேட்டையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்தாள். "டப்பா இல்ல. கண்ண மூடிக்கிட்டு வார்த்தப் பட்டியல்ல ஏதாவது பக்கத்தத் தொறந்து விரல வையுங்க. இருவது வார்த்த. எது எந்த மொழின்னு நீங்களே சொல்லுங்க. நான் வாய்ல மொதல்ல சொல்லுததுதான் விட." "இங்கயா? வீட்ல போய்..." "இங்கதான்." "சனிக்கெழம இல்லையே." "இன்னைக்குச் சனிக்கெழமதான்." அது உண்மை; கூட்டத்துக்காகக் கருவூலத்தை விடுமுறை நாளிலும் திறந்திருந்தார்கள், அவள் விடியற்காலைத் தேர்வை நேர்காணலுக்காகத் தள்ளி வைத்திருந்தாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். "நாற்காலி. ஜப்பானி." "இசு." எழுதினார். "கரண்டி. ஜெர்மன்." "லோஃபல்." எழுதினார். அவள் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி பேனாவின் சத்தத்தைக் கேட்டாள். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது ஓடின. ஆறாவதில் பேனா நின்றது. தாளைத் தொட்டு, தூக்கி, மறுபடியும் தொட்டது. அது தவறு என்று அந்த நிறுத்தம் அவளுக்குச் சொல்லிவிட்டது. எழுதுபவரின் கை நிற்பதே ஒரு குறிப்பு, அதை எடுத்துக்கொள்ளக்கூடாது. "எழுதுங்க," என்றாள். எழுதினார். ஒன்பதில் நின்றது. "எழுதுங்க." பன்னிரண்டாவதில் வார்த்தையே வரவில்லை; அலமாரி இருந்தது, தட்டு இருந்தது, தட்டின்மேல் தூசியில் பாத்திரத்தின் வட்ட அடையாளம்கூட இருந்தது. "கோடு போடுங்க," என்றாள். போட்டார். பதினாறில் நின்றது. நான்கு. நான்கு தவறென்றால் பதினாறு, பதினாறென்றால் தேர்ச்சி, இன்னும் நான்கு வார்த்தை. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இப்படியா பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், முப்பத்து மூன்று வருடம், அவளுக்கு முன்னால்? பதினேழு ஓடியது. பதினெட்டு ஓடியது. பத்தொன்பது ஓடியது, அவர் எழுதும் வேகத்திலேயே நிம்மதி தெரிந்தது, அந்த நிம்மதிமேல் அவளுக்கு எரிச்சல் வந்தது.

"கடேசி," என்றார். "தலையணை. பிரெஞ்சு." அவள் சொன்னாள். சொல்லி முடித்த கணம் பேனா நின்றது. இந்த முறை தாளைத் தொடவே இல்லை. எங்கோ சன்னலில் எழுபத்தொன்று என்று கூப்பிட்டார்கள். பேனா நின்ற அந்த இடைவெளிக்குள் அவளுக்குச் சரியான வார்த்தை வந்துவிட்டது. முழுதாக, ஒலியோடு, கைப்பேசியில் அந்தப் பிரெஞ்சுக்காரி இருமுறை உச்சரித்துக் காட்டிய ஏற்ற இறக்கத்தோடு, நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்தது. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சொன்னால் பதினாறு. தெரிந்த பிள்ளைதானே. "வடிவு," என்றார் அவர், மிகவும் தாழ்ந்த குரலில், "ஒருக்கா நிதானமா யோசிச்சு..." "எழுதுங்க." "இப்ப வந்திருக்கும்லா? உம் மொகத்துல தெரியுது. சொல்லிரு." அவள் உதடுகளை இறுக்கிக்கொண்டாள், அந்த வார்த்தை பல்லுக்குப் பின்னால் இனிப்பு மிட்டாயைப் போலக் கரைந்துகொண்டிருந்தது. "நான் சொன்னத எழுதுங்க." அவர் எழுதினார். தவறான அந்த நான்கு எழுத்தை ஒவ்வொன்றாக, முதல் வகுப்பில் சேர்ந்தவர் போல, கடைசி எழுத்தின் சுழி முடியும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டை வாங்கி, எண்ணி, 15 என்று தானே இட்டு வட்டம் போட்டாள். அந்தப் பதினோரு புள்ளிகளையும் அளவுகோல் இல்லாமலே ஒரே கோட்டில் அடித்தாள். கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது. நோட்டைத் திரும்ப அவர் மடியில் வைத்தாள். "கையெழுத்துப் போடுங்க." "நான் எதுக்கு?" "சொன்னத எழுதுனவுக போடணும். அதான் மொற." கோமதிநாயகம் என்று முழுப் பெயரையும் எழுதினார். எழுதிவிட்டுத் தலையைத் தூக்காமல் கேட்டார்: "திங்கக்கெழம காலைல திருநெல்வேலிக்குப் போவமா?"

"மொதல்ல தேதியப் போடுங்க," என்றாள்.